மூன்று ஹாலிஃபாக்ஸ்களும் ஒரு கோழிக்கூடும்

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பயன்படுத்திய ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்கள் மொத்தம் 6176 கட்டப்பட்டன. இன்றைக்கு உலகத்தில் அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கிற மாதிரி மிச்சம் இருப்பது மூன்றே மூன்று. போர் முடிந்ததும் மற்றதெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டது. ஒன்றையாவது முழுசாக எடுத்து ஓரமாக நிறுத்தி வைப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. லங்காஸ்டர் விமானத்துக்குத்தான் புகழ், சினிமா எல்லாம். ஹாலிஃபாக்ஸ் அன்றும் இன்றும் மாற்றாந்தாய்ப் பிள்ளைதான்.

இதனால் ஒரு விசித்திரமான நிலைமை. இருக்கிற மூன்றுமே சிதைந்த நிலையில் கிடைத்தவை. ஒன்று நார்வேயில் ஒரு ஏரிக்கு அடியிலிருந்து வந்தது. இரண்டாவது நார்வேயிலேயே இன்னொரு ஏரியிலிருந்து. மூன்றாவது ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு தீவில் கோழிக்கூடாக இருந்த துண்டு. மூன்றும் மூன்று மியூசியங்களுக்குப் போயின, மூன்று இடத்திலும் மூன்று விதமான முடிவு எடுத்தார்கள். ஒரே மாடல், மூன்று வைத்தியம். சேதமான போர்ப்பொருளைக் காட்சிக்கு வைப்பதற்கு முன் எதுவரை சரி செய்யலாம் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பரிசோதனைக்கூடம் கிடையாது. இங்கிலாந்தில் இருக்கிற இரண்டையும் ஆன்சைட் போயிருந்த காலத்தில் நேரில் பார்த்தேன். கனடாவில் இருப்பதைப் படங்களிலும் வீடியோக்களிலும் மட்டும். "கோடு எழுதுகிற ஆளுக்கு இதில் என்ன வேலை?" என்று நண்பர்கள் கேட்பது வழக்கம். பழைய சிஸ்டத்தைப் பிரித்துப் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு இதில்தான் வேலை.

முதலில் ஹெண்டன். லண்டனுக்கு வடக்கே இருக்கிற ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியம். அங்கே இருப்பது டபிள்யூ 1048 என்ற எண்ணுள்ள விமானம். 1942 ஏப்ரல் 27 இரவு, ஸ்காட்லாந்தின் கின்லாஸ் தளத்திலிருந்து கிளம்பி, ட்ரான்ட்ஹெய்ம் அருகே மலைக்கடியில் ஒளிந்திருந்த டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கப் போனது. தாழப் பறந்து உருண்டையான கண்ணிகளை மலைச்சரிவில் போட வேண்டும், அவை உருண்டுபோய்க் கப்பலுக்கு அடியில் வெடிக்க வேண்டும். இதுதான் திட்டம். கேட்கும்போதே 'சரியா வருமா'ன்னு தோணுது இல்லையா? வரவில்லை. (1944 நவம்பரில் டிர்பிட்ஸைக் கவிழ்த்தது கடைசியில் லங்காஸ்டர்கள்தான். மாற்றாந்தாய்ப் பிள்ளை என்று சும்மா சொல்லவில்லை.) விமான எதிர்ப்பு பீரங்கியில் அடிபட்டு, திரும்ப வழியில்லாமல், உறைந்து கிடந்த ஹோக்ளிங்கன் ஏரியின் பனிமேல் வயிற்றால் இறங்கியது. உள்ளே இருந்த எல்லோரும் உயிர் தப்பினார்கள். கணுக்கால் உடைந்த ஒருவர் பிடிபட்டார், மற்றவர்கள் ஸ்வீடனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விமானம் மட்டும் பனி விட்டுக்கொடுத்ததும் ஏரிக்குள் இறங்கி, சுமார் 27 மீட்டர் ஆழத்தில் முப்பத்தோரு வருஷம் கிடந்தது. 1973ல் விமானப்படையின் முக்குளிப்பவர்கள் தூக்கினார்கள்.

அதை அப்படியே வைத்துவிட்டார்கள். பெயிண்ட் உரிந்த கறுப்பு உடம்பு, கிழிந்த தகடு, உள்ளே எலும்பு மாதிரி தெரிகிற சட்டங்கள். சுற்றிலும் பளபளவென்று நிற்கிற விமானங்களுக்கு நடுவில் இது மட்டும் சவக்கிடங்கில் கிடத்தியதுபோல இருக்கும். பக்கத்தில் போனால் குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

ஆனால் அதன் மூக்கில் இருக்கிற துப்பாக்கி டரட் மட்டும் புத்தம் புதுசாக இருக்கிறது. காரணம் இதுதான்: முதலில் எடுத்தபோது சீரமைப்பு வேலை ஆரம்பமாகி, முன்பக்க டரட்டை முடித்தும் விட்டார்கள். பிறகுதான் கண்டெடுத்த நிலையிலேயே வைப்பது என்ற முடிவு வந்தது. அதற்காக டரட்டைத் திரும்பப் பழசாக்கவில்லை. முடிவு மாறியதற்கான தடயம் அங்கேயே நிற்கிறது. ரிவர்ட் பண்ணிய கமிட்டை ஹிஸ்டரியிலிருந்து அழிக்காமல் விடுவது போல. அந்த ஹாலில் என் கண்ணுக்கு மிக முக்கியமான பொருள் அந்த டரட்தான். ஒரே விமானத்தில் இரண்டு தத்துவமும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. வேறெங்கும் இவ்வளவு வெளிப்படையாகப் பார்த்ததில்லை.

சிதைந்ததைச் சிதைந்தபடியே வைப்பதற்கு நான் ஏன் ஆதரவு என்பதை என் தொழில் பாஷையில் சொல்லிவிடுகிறேன். ஒரு சர்வர் விழுந்துவிட்டது. முதல் வேலை என்ன? மெமரி டம்ப் எடுப்பது. அதை எடுக்காமல் ரீபூட் பண்ணினால் சிஸ்டம் எழுந்துவிடும், வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார், ஏன் விழுந்தது என்பது மட்டும் ஒருநாளும் தெரியாது. விழுந்த விமானமும் ஒரு டம்ப்தான். புரொப்பெல்லர் அலகு எந்தத் திசையில் வளைந்திருக்கிறது என்பதிலிருந்து, தரையைத் தொட்டபோது அந்த எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா என்று கண்டுபிடிக்கலாம். ஒரு ஓட்டையின் விளிம்பு உள்ளே மடிந்திருக்கிறதா வெளியே மடிந்திருக்கிறதா என்பதிலிருந்து சில்லு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லலாம். தகட்டைத் தட்டி நேராக்கி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்த அன்றைக்கு இந்தப் பக்கங்கள் எல்லாம் கிழிந்துவிடுகின்றன. நம்மூர் டிங்கரிங் கடையில் வண்டியைக் கொடுக்கும் முன்னால் இன்ஷூரன்ஸ்காரர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார். ஒரு மாருதிக்கே இந்த மரியாதை உண்டு.

அதற்காக, சிதைவை அப்படியே நிறுத்திவிட்டால் அது தானாக உண்மை பேசிவிடும் என்று நினைப்பதும் சோம்பேறித்தனம். டபிள்யூ 1048 உடம்பில் இருப்பது ஒரே காயம் இல்லை. பீரங்கிச் சில்லு ஒன்று. பனியில் வயிற்றால் உரசியது இன்னொன்று. முப்பத்தோரு வருஷத் தண்ணீர் மூன்றாவது. தூக்கும்போது, கழற்றும்போது, லாரியில் வரும்போது உண்டாகும் சேதம் நாலாவது. பார்வையாளர் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து 'போரின் கொடுமை'. ஏரி செய்ததைப் பீரங்கி செய்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். இப்படிப்பட்ட பொருளை வைக்கிற எந்த மியூசியமும், காயங்களை வகை பிரித்துக் காட்டும் ஒரு வரைபடத்தைப் பக்கத்தில் மாட்டினாலே போதும். செலவு பெரிதில்லை. எஃபெக்ட் குறைந்துவிடும் என்று டிசைனர்கள் பயப்படக்கூடும். குறையட்டுமே.

இரண்டாவது விமானம் என்ஏ 337. இது நேர் எதிர்த் துருவம். 1945 ஏப்ரல் 23 இரவு, நார்வே எதிர்ப்பு இயக்கத்தினருக்குப் பொருட்களைப் பாராசூட்டில் போட்டுவிட்டுத் திரும்பும்போது சுடப்பட்டு, மியோசா ஏரியில் இறங்கியது. நார்வேயில் போர் முடிய இன்னும் இரண்டே வாரம். ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். பின்பக்கத் துப்பாக்கிக்காரர் தாமஸ் வெய்ட்மேன் ஒருவர்தான் பிழைத்தார். 1995ல் சுமார் 225 மீட்டர் ஆழத்திலிருந்து அதை மேலே கொண்டுவந்தார்கள். அந்த ஆழத்தில் மனிதன் சாதாரணமாக முக்குளிக்க முடியாது, எல்லாம் இயந்திரக் கை வேலை. பிறகு கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் ட்ரென்டன் விமானப்படை மியூசியத்துக்குக் கொண்டுபோய், பெரும்பாலும் தன்னார்வலர்கள், பத்து வருஷம் உட்கார்ந்து ஒவ்வொரு தகடாகச் சரி செய்து, 2005ல் முழு விமானமாக நிறுத்தினார்கள். பார்த்தால் நேற்று ஃபாக்டரியிலிருந்து வந்த மாதிரி.

ஏன் கனடா? கனடியப் படைப்பிரிவுகள் நிறைய பறந்தது ஹாலிஃபாக்ஸில்தான், அவர்களிடம் ஒன்றுகூட இல்லை. இந்த விமானம் கனடியப் பிரிவைச் சேர்ந்தது அல்ல, பிரிட்டிஷ் 644ஆம் ஸ்குவாட்ரன். இருந்தாலும் அதன்மேல் கனடிய எழுத்துகளை எழுதாமல், அதனுடைய சொந்த அடையாளத்தையே திரும்ப எழுதினார்கள். இதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். சொந்தப் பெருமைக்காக ஒரு பழம்பொருளின் பெயரை மாற்றாதவர்கள் இந்த உலகத்தில் கம்மி.

என் விமர்சனம் வேறு இடத்தில். இப்போது அதன் முன்னால் நிற்கிறவருக்கு எந்தத் தகடு ஏரியில் ஐம்பது வருஷம் கிடந்தது, எது தொண்ணூறுகளில் வெட்டிப் பொருத்தியது என்று பெயிண்டுக்கு மேலே பார்த்துச் சொல்ல வழியில்லை. கட்டடங்களைப் பாதுகாப்பவர்கள் இந்தப் பிரச்சினையை 1964லேயே பேசி முடித்துவிட்டார்கள். அந்த வருடத்து வெனிஸ் சாசனம் இரண்டு விஷயத்தைக் கறாராகச் சொல்கிறது: ஊகம் தொடங்குகிற இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும், புதிதாகச் சேர்த்த பகுதி மொத்தத்தோடு இசைந்து போகலாம், ஆனால் பழசிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும். விமான உலகத்தில் இது இன்னும் ஊறவில்லை. விமானப் பட்டறைக்காரர்களின் பழக்கமே வேறு. ரிப்பேர் என்றால் ரிப்பேர் தெரியக்கூடாது, அதுதான் நல்ல வேலைக்காரனுக்கு அடையாளம். பறக்கிற விமானத்துக்கு அது சரியான நியாயம். இனி பறக்கவே போகாத ஒன்றுக்கு அதே நியாயத்தை நீட்டுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் ட்ரென்டன்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் போனால் அது நேர்மையில்லை. 1995லும் 2005லும் அந்த விமானத்தில் பறந்த கிழவர்கள் உயிரோடு இருந்தார்கள். எழுபது, எண்பது வயது. இருபது வயதில் தாங்கள் ஏறிய வண்டியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று வந்தவர்களிடம் கிழிந்த தகட்டைக் காட்டி, "இது வரலாற்று ஆவணம், இப்படித்தான் இருக்கும்" என்று சொல்ல எனக்கு மனசு வராது. கிழிந்தது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? பாம்பர் கமாண்டில் மட்டும் 55,573 பேர் செத்துப்போனார்கள், இவர்கள் அதைப் பார்த்துவிட்டு மீந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது ஆதாரம் அல்ல. இன்றைக்கு அந்தத் தலைமுறை அநேகமாக இல்லை. இனிமேல் வருகிற எல்லோரும் என்னைப்போல எதையும் பார்க்காதவர்கள். எங்களுக்கு ஆதாரம் வேண்டும். அதனால் 1995ல் சரியாக இருந்த முடிவு 2025ல் இன்னொரு விமானத்துக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பது என் கட்சி.

இங்கே கொஞ்சம் வேதியியல். இரண்டு ஏரி விமானங்களும் இந்த அளவுக்குப் பிழைத்ததற்குக் காரணம் அவை நல்ல தண்ணீரில் கிடந்தது. அதுவும் குளிர்ந்த தண்ணீர். கடலில் கதை வேறு. விமானத் தகடு சுத்த அலுமினியம் இல்லை, செம்பு கலந்த ட்யூராலுமின் வகை. உப்புத் தண்ணீரில் குளோரைடு உள்ளே புகுந்து குழிகுழியாக அரிக்கும். எஃகு போல்ட் தொடுகிற இடத்தில் பேட்டரி மாதிரி ஒரு மின்வேதி வினை நடந்து அலுமினியம் கரையும். முக்கியமாக, வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் அரிப்பு வேகம் பிடிக்கும். 2013 ஜூனில் குட்வின் மணல்திட்டிலிருந்து எடுத்த ஜெர்மன் டார்னியர் 17 விமானத்தை இதனால்தான் காஸ்ஃபோர்டில் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு, மாசக்கணக்கில் சிட்ரிக் அமிலக் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். எலுமிச்சம்பழப் புளிப்பு! ஆனால் அளந்த புளிப்பு. அலுமினியம் அமிலம் கூடினாலும் கரையும், காரம் கூடினாலும் கரையும், நடுவில் ஒரு சின்ன வரம்பில்தான் அமைதியாக இருக்கும். அந்த வரம்புக்குள் பிஎச்சை நிறுத்த சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக்கொண்டார்கள். 'ஒன்றும் செய்யாமல் அப்படியே வைப்பது' என்பதற்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். அப்படியே வைப்பதும் ஒரு வைத்தியம்தான்.

இன்னொன்று. செயலிழந்த போர்ப்பொருள் என்று எழுதி ஒட்டிவிட்டால் எல்லாமே செயலிழந்ததாகிவிடாது. குண்டும் தோட்டாவும் எடுத்தாகிவிட்டது, துப்பாக்கிக் குழலை அடைத்தாயிற்று, சரி. அந்தக் காலத்து மீட்டர் முகப்புகளில் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பெயிண்ட் அடித்திருப்பார்கள். அதன் ஒளி இன்றைக்கு மங்கிவிட்டது. மங்கியது அதில் இருந்த துத்தநாக சல்ஃபைடு மட்டும். ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருஷம், அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒளிராத டயல் ஆபத்தில்லாத டயல் அல்ல. வீட்டில் வைத்துப் பழைய மீட்டரைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற ஆர்வலர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்று இருக்கும்.

மூன்றாவது, கோழிக்கூடு. எச்ஆர் 792 என்ற விமானம் 1945 ஜனவரியில் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் விபத்துக்குள்ளானது. அதன் உடற்பகுதியில் ஒரு துண்டை உள்ளூர் விவசாயி ஒருவர் வாங்கிக் கோழி வளர்த்தார். எண்பதுகளில் அதை மீட்டு, யார்க் நகரத்துக்குப் பக்கத்தில் எல்விங்டனில் இருக்கிற மியூசியத்தில், அதே கம்பெனியின் ஹேஸ்டிங்ஸ் விமான இறக்கைகளை மாட்டி, பிரெஞ்சு விமானப்படை கொடுத்த ஹெர்குலிஸ் எஞ்சின்களை வைத்து, இல்லாததைப் புதிதாகச் செய்து ஒரு முழு ஹாலிஃபாக்ஸ் உருவாக்கினார்கள். 1996 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமையன்று வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கிழமையும் தேதியும் தற்செயல் அல்ல. 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' என்ற பெயரில் ஒரு ஹாலிஃபாக்ஸ் 128 முறை தாக்குதலுக்குப் போய்த் திரும்பி வந்தது. அதன் பெயரையும் படத்தையும்தான் இதன்மேல் வரைந்திருக்கிறார்கள். நிஜ 'ஃப்ரைடே' போர் முடிந்ததும் லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் மக்கள் பார்க்க நின்றது, பிறகு உடைத்துப் போட்டார்கள். படம் வரைந்த மூக்குத் தகடு மட்டும் ஹெண்டன் மியூசியத்தில் இருக்கிறது.

தூய்மைவாதிகளுக்கு இது பிடிக்காது. ஒட்டுப்போட்ட விமானம், இரவல் பெயர். ஆனால் மூன்றில் எனக்கு மனசாட்சி உறுத்தாமல் பார்க்க முடிகிறது என்றால் இதைத்தான். ஏனென்றால் இது எதையும் அழித்துக் கட்டப்படவில்லை, தன்னை அசல் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. கோயிலில் உற்சவ மூர்த்திக்கு இருக்கிற இடம் இதற்கு. ஒரே ஒரு குறை: கோழிகள். நாற்பது வருஷத்துக்குக் கிட்ட அந்தத் துண்டு கோழிக்கூடாக இருந்தது, விமானமாக இருந்ததைவிடப் பல மடங்கு காலம். போருக்குப் பிறகு ஒரு ஏழைத் தீவில் தகரத்துக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த உள்பக்கத்தில் ஒரு அடி அகலத்தையாவது கோழிக்கூடாகவே விட்டிருக்கலாம். சிரிக்காதீர்கள், சீரியஸாகத்தான் சொல்கிறேன்.

நம்மூரில் இந்தக் குழப்பம் வராத ஒரு பொருள் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைமேல் வீசிய குண்டின் சில்லு. கோட்டை மியூசியத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அதை யாராவது 'சீரமைத்து' முழுக் குண்டாக்கி வைக்கலாம் என்று சொன்னால் பைத்தியம் என்போம். உடைந்திருப்பதுதான் அந்தப் பொருள். விமானம் என்று வரும்போது மட்டும் நமக்கு ஏன் அது தெரிவதில்லை என்றால், விமானம் அழகாக இருக்கிறது. அவ்வளவுதான்.

கடைசியாக, கணக்கில் வராத நாலாவது ஹாலிஃபாக்ஸ். எல்டபிள்யூ 682, கனடியர்களின் 426ஆம் ஸ்குவாட்ரன். 1944 மே மாதம் பெல்ஜியத்தில் ஹெரார்ட்ஸ்பெர்கன் ஊருக்குப் பக்கத்தில் சதுப்பு நிலத்தில் விழுந்து புதைந்தது. எட்டுப் பேரில் ஐந்து உடல்களை அப்போதே எடுத்து அடக்கம் செய்தார்கள். மூன்று பேர் உள்ளேயே இருந்தார்கள். 1997ல் தோண்டியது விமானத்துக்காக அல்ல, அந்த மூவருக்காக. எலும்புகளை எடுத்து, தங்கள் தோழர்கள் பக்கத்திலேயே ராணுவ மரியாதையோடு புதைத்தார்கள். சில பாகங்கள் ட்ரென்டன் விமானத்துக்கு உதிரியாகப் போயின. மீதி அலுமினியத்தை உருக்கினார்கள்.

டம்ப், ஆதாரம் என்றெல்லாம் மேலே நான் பேசியதற்கு இது முரண் என்று தோன்றலாம். இல்லை. உள்ளே ஆள் இருக்கும்வரை அது ஆதாரமும் இல்லை, நினைவுப்பொருளும் இல்லை, கல்லறை. பிரிட்டனில் 1986ல் வந்த ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, பணியில் இருந்தபோது விழுந்த எந்த ராணுவ விமானத்தையும் அனுமதி இல்லாமல் தொட முடியாது. மனித உடல் இருக்கலாம் என்றால் சாதாரணமாக அந்த அனுமதியே கிடைக்காது. ஆர்வலர்கள் இதை அடிக்கடி திட்டுவார்கள். நான் அந்தச் சட்டத்தின் பக்கம். எல்டபிள்யூ 682ல் குடும்பங்களுக்கு முதலில் ஆட்களைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் தகட்டைப் பற்றி யோசித்தார்கள். அந்த வரிசை சரியாக இருந்ததால் உருக்கியது எனக்கு உறுத்தவில்லை.

உருக்கிய அலுமினியத்தில் ஒரு பகுதி லண்டனுக்கு வந்தது. 2012 ஜூன் 28 அன்று எலிசபெத் ராணி திறந்துவைத்த பாம்பர் கமாண்ட் நினைவுச்சின்னத்தின் கூரையில் அது இருக்கிறது. கூரையின் பின்னல் அமைப்பு வெலிங்டன் என்ற இன்னொரு குண்டுவீச்சு விமானத்தின் சட்டத்தை நினைவூட்டும்படி செய்தது. ஹாலிஃபாக்ஸின் உலோகத்துக்கு அங்கேயும் வேறொருவர் உருவம்தான்! பிக்காடில்லி சாலையில், கிரீன் பார்க்கின் மேற்கு முனையில் இருக்கிறது. ஹைட் பார்க் கார்னர் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம். டிக்கெட் கிடையாது. உள்ளே நிற்கிற ஏழு வெண்கல வீரர்களைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். போகிறவர்கள் ஒரு நிமிஷம் அண்ணாந்தும் பாருங்கள்.